ரஸ்தா பாடும் ராகம்

சென்ற மாதம் திருவண்ணாமலைக்குப் போயிருந்தபோது, வேங்கிக்காலில் ஒரு நண்பர் வீட்டில் தங்கினேன். வாசலில் சிமெண்டு ரஸ்தா. விடியற்காலை நாலரை மணிக்கு, 'தடக், தடக்' என்று சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு எழுந்தேன்.

"பயப்படாதேயும், ஐயா! பால் வண்டிதான். இன்னும் நாலு பலகை தாண்டினால் நம் வாசலுக்கு வந்துவிடும்" என்றார் நண்பர். ரஸ்தாவின் சத்தத்தைக் கொண்டே மணி சொல்லக்கூடிய நிலைக்கு அவர் வந்துவிட்டார்! ஆனால் அடுத்த அறையில், இரவெல்லாம் இருமிவிட்டு அப்போதுதான் கண் அயர்ந்த அவருடைய தாயாரும் விழித்துக்கொண்டார். "இதற்குப் பழைய தார் ரஸ்தாவே தேவலை" என்று அந்த அம்மாள் சொன்னது என் மனத்தில் தைத்தது.

குற்றம் கான்கிரீட்டினுடையதுதானா? அமெரிக்காவில் ஓஹாயோ மாகாணத்தைச் சேர்ந்த பெல்பௌண்டன் என்னும் ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் போட்ட கான்கிரீட் வீதி இன்றும் இருக்கிறது. நம் நாட்டுக்கும் சிமெண்டு புதிதல்ல. 1904-லேயே சென்னையில் சிமெண்டு தயாரிக்க ஆலை ஏற்பட்டது. பொருள் பழையது, பக்குவந்தான் வேண்டும்.

முதலில் 'தடக்' என்னும் சத்தத்தைப் பார்ப்போம். கான்கிரீட் இறுகும்போது சுருங்கும், வெயிலில் விரியும். ஆகையால் எப்படியும் வெடிக்கத்தான் செய்யும். எங்கே வெடிக்க வேண்டும் என்று தீர்மானிப்பதே இஞ்சினியரின் சாமர்த்தியம். சுமார் நாலரை மீட்டருக்கு ஒரு முறை, போட்ட சில மணி நேரத்துக்குள், கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு மெல்லிய வாளால் கீறிவிடுகிறார்கள். பெரிய ரஸ்தாக்களில் அந்த மூட்டுகளுக்குக் குறுக்கே வழவழப்பான இரும்புக் கம்பிகளை முன்பே பதித்திருப்பார்கள். ஒரு பலகையின் மேல் ஏறிய பாரத்தை அடுத்த பலகையும் தாங்கும்படி செய்வது அந்தக் கம்பி. கம்பி இல்லாத இடத்தில், அடியிலுள்ள மண்ணும் கெட்டிக்கப்படாதிருந்தால், ஒரு பலகை தாழும், மற்றது நிமிரும். சக்கரம் அந்தப் படியில் மோதுவதுதான் நண்பர் வீட்டுப் பள்ளியெழுச்சி!

இரண்டாவது சத்தம் வேகமாய்ப் போகும் மோட்டார்களுடையது. மழையில் வழுக்காமலிருக்க, ஈரமான கான்கிரீட்டின்மேல் சீப்புப் போன்ற கருவியால் கோடு இழுப்பது வழக்கம். கோடுகள் குறுக்கே, சம தூரத்தில் இருந்தால் டயர் ஒரே சுருதியில் ஊளையிடும். கோடுகளை நீளவாக்கில் இழுத்தால் ஊளை வெகுவாய் அடங்கும். குறுக்கே இழுத்தாலும், இடைவெளியை மாற்றி மாற்றி வைத்தால் சுருதி கலைந்துவிடும். பழைய ரஸ்தாவுக்கும் வைத்தியம் உண்டு: வைரம் பதித்த சக்கரங்களால் மேல் தோலை இழைத்துச் சமன் செய்யலாம். 1965-ல் கலிபோர்னியாவில் பத்தொன்பது வயதான ஒரு ரஸ்தாவுக்கு இந்தச் சிகிச்சை நடந்தது. ஆஸ்திரியாவிலும் பெல்ஜியத்திலும் மேல் சாந்தை மட்டும் துலக்கி எடுத்து, சிறு கற்கள் தெரியும்படி விடுகிறார்கள். மேடு துருத்தாமல், பள்ளம் மட்டும் இருக்கவேண்டும் என்பதே இவற்றின் தத்துவம். பள்ளத்தின் வழியே காற்றும் மழை நீரும் வெளியேறும், டயர் அதிராது.

மூன்று டெசிபல் குறைந்தால் என்ன லாபம் என்று கேட்கலாம். ரஸ்தாவில் ஓடும் வண்டிகளில் பாதியை நிறுத்திவிட்டதற்குச் சமானம் அது!

ஆனால் எல்லா இடத்துக்கும் ஒரே மருந்து உதவாது. 2023-க்குப் பிறகு, பெரிய கோயிலின் மாட வீதிகளிலும் கான்கிரீட் வந்துவிட்டது. அங்கே வண்டிகள் ஊர்ந்துதான் போகும். காதைத் துளைப்பது டயரல்ல, ஹாரன். அதற்கு மருந்து மனிதரிடம் இருக்கிறது. அங்கு கவனிக்க வேண்டியது தேர்ச் சக்கரத்தின் பாரமும், வெறுங்காலோடு நடக்கும் பக்தர்களின் பாதமுமே. வேங்கிக்கால் வழியாக வேலூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலோ வண்டிகள் வேகமாய்ப் போகின்றன. அங்கு ஒருநாள் கான்கிரீட் வருமானால், கோடு எந்தப் பக்கம் இழுப்பது என்பது ஓரத்திலுள்ள வீடுகளின் தூக்கத்தைப் பற்றிய விஷயமாகும்.

எந்த நல்ல திட்டத்தையும் அவசரம் கெடுத்துவிடும். இளக வேண்டுமென்று கலவையில் தண்ணீரை அதிகமாய் ஊற்றினால் பலம் போய்விடும். இறுகிய பின் தண்ணீர் காட்டாவிட்டாலும் பலம் போய்விடும். சாக்கை நனைத்துப் போட்டு இரண்டு வாரம் ஈரம் காக்கவேண்டும். தீபம் வருகிறது, திருவிழா வருகிறது என்று ஐந்தாம் நாளே லாரியை விட்டால், ஆயுளில் பல வருஷங்களை அந்த ஒரு நாளே தின்றுவிடும். குடிதண்ணீர்க் குழாயையும் சாக்கடையையும் முன்பே முடித்துவிடவேண்டும். போட்ட மறு வருஷம் குடைந்து ஒட்டுப் போட்டால், ஒவ்வொரு ஒட்டும் ஒரு புதிய 'தடக்'!

"சரி, எங்கள் தெருவுக்கு என்ன கதி?" என்று கேட்டார் நண்பர்.

புது ரஸ்தா கேட்கவேண்டியதில்லை. நிமிர்ந்த ஓரங்களை இழைத்து, மூட்டுகளிலுள்ள மண்ணைச் சுரண்டி, நெகிழக்கூடிய பசையால் நிரப்பினாலே பாதி நோய் தீரும். நீர் உள்ளே இறங்காததால் மண்ணும் அரிக்காது. அடுத்த தெருவுக்கு ரஸ்தா வரும்போது, குடியிருப்பவர்கள் திண்ணையை விட்டு இறங்கி மூன்று கேள்வி கேட்கட்டும்: அடிமண்ணைக் கெட்டித்தாயிற்றா? மூட்டை அன்றே கீறினார்களா? எத்தனை நாள் ஈரம் காப்பார்கள்?

கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். ரஸ்தா போடுகிறவர் மாலையில் வீடு திரும்பிவிடுவார். அதன் சத்தத்தோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்த வேண்டியவர்கள் நாம்.