‘பாடு’: யாரும் கேட்காத தேவைகள்

2024 ஜனவரி 2ஆம் தேதி, ‘பாடு’ எனும் முதன்மைத் தரவுத்தளத்தை அரசாங்கம் தொடங்கியது. இலக்கு வைக்கப்பட்ட உதவித்தொகை யாருக்குச் சேர வேண்டும் எனக் கணக்கிடுவதே நோக்கம். அரசு ஊழியர்களே உருவாக்கிய மென்பொருள் அது. அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால், அடையாள அட்டை எண் தெரிந்தால் பிறரின் கடவுச்சொல்லை மாற்றிவிடலாம் என்ற குறையை, தொடங்கிய கையோடு, முன்னாள் துணையமைச்சர் ஓங் கியான் மிங் சுட்டிக்காட்டினார். விரைவில் அது சரிசெய்யப்பட்டது.

அஜைல் குழுவினர் தேவைகளைச் சிறு அட்டைகளில் எழுதுவார்கள்: யாருக்கு, என்ன வேண்டும், எதற்காக. ‘கடவுச்சொல்லை எளிதில் மாற்ற வேண்டும்’ என்று பயனரே கேட்பார். ‘வேறொருவர் மாற்றிவிடக் கூடாது’ என்று கேட்க அவருக்குத் தோன்றாது. குழுதான் யோசித்து எழுத வேண்டும்.

நான் அப்படியொரு குழுவில் இருந்தால், முதலில் பிரிக்பீல்ட்ஸுக்குப் போவேன். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. முகத்தைக் கேமராவுக்கு நேராகக் காட்டச் சொல்லும் சரிபார்ப்பை அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன்.

அடுத்து கிள்ளான். அங்கே ஒரு பாட்டிக்காகப் பேரன் தன் கைப்பேசியில் பதிவு செய்கிறான் என்று வையுங்கள். பாட்டியின் எண்ணை அறிந்த அந்தப் பேரனும், அதே எண்ணைத் திருடியவனும் மென்பொருளின் கண்ணுக்கு ஒரே ஆள்தான். பேரனை உள்ளே விட்டு, திருடனைத் தடுப்பது எப்படி? இதற்கு ஓர் அட்டை போதாது.