ஊமைக் காவலர்கள்

நமது வீட்டில் மாவு அரைக்கும் கிரைண்டர் ஒன்று இருக்கிறது. அதைக் கழுவித் துடைத்து, மாவு அரைத்து வைப்பவர் வீட்டு வேலைக்கு வரும் ஓர் அம்மாள். ஒரு நாள் அவர், "கிரைண்டரைத் தொட்டா சுருக்குனு கடிக்குதும்மா" என்று சொன்னார். ஈரக் கையோடு தொட்டதனால் இருக்கும், செருப்புப் போட்டுக்கொண்டு அரைத்தால் சரியாய்ப் போய்விடும் என்று அவருக்குப் பதில் சொல்லப்பட்டது. மறு வாரமும் அதே புகார், அதே பதில். மூன்றாவது வாரம் அவர் புகார் சொல்வதை நிறுத்திவிட்டார். விஷயம் தீர்ந்துவிட்டதென்று நாமும் எண்ணிக்கொண்டோம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஸ்நானம் செய்துவிட்டு வந்த நாம், ஈரக் காலுடன் அந்தக் கிரைண்டரைச் சற்று நகர்த்தப் போனோம். 'விர்' என்று முழங்கை வரையில் ஓர் இழுப்பு! ஒரு மணி நேரத்துக்குள் எலெக்ட்ரீஷியன் வந்துவிட்டார். அந்த அம்மாளின் விரலை மூன்று வாரம் கடித்தபோது வராதவர், நமது விரலை ஒரு தடவை கடித்ததும் வந்து சேர்ந்தார் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளுகிறோம்.

வந்தவர் கிரைண்டரைத் தொடுவதற்கு முன் சுவரிலிருந்த சாக்கெட்டைக் கழற்றினார். மூன்று துவாரங்கள் உள்ள சாக்கெட்டு அது. கீழே உள்ள இரண்டு துவாரங்களுக்குப் பின்னால் கம்பிகள் இருந்தன. மேலே உள்ள பெரிய துவாரத்துக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை! வீடு கட்டிய காலத்தில் யாரோ பச்சைக் கம்பியின் விலையை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். "சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி சார் இது. பார்க்கத்தான் காவல்" என்றார் எலெக்ட்ரீஷியன்.

அவர் சொன்ன வார்த்தை நம்மை விட்டுப் போகவில்லை. மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் காவலாக ஒவ்வொரு வீட்டிலும் சில காவலர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சம்பளம் கேட்பதில்லை, விடுமுறை எடுப்பதில்லை, வாய் திறந்து பேசுவதுமில்லை. பேசாத காரணத்தினாலேயே நாம் அவர்களை மறந்துவிடுகிறோம். சில சமயம் சிக்கனம் என்ற பெயரால் நம் கையாலேயே அவர்களைக் கட்டிப் போட்டுவிடுகிறோம். இது விஷயத்தில் நேயர்கள் சற்றுக் கவனம் செலுத்த வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம்.

முதற் காவலன் பியூஸ். கம்பியில் ஓடும் மின்சாரம் அளவு மீறினால் கம்பி சூடேறும். மின்சாரம் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். சுவருக்குள் இருக்கும் கம்பி தீப்பற்றுவதற்கு முன்னால் தான் உருகி, மின்சாரத்தைத் துண்டிப்பதே பியூஸ் கம்பியின் தர்மம். அது அடிக்கடி உருகினால் நம்மில் அநேகர் செய்வதென்ன? தடித்த செப்புக் கம்பியை முறுக்கிக் கட்டிவிட்டு, "இனிமேல் பியூஸ் போகவே போகாது" என்று பெருமை கொள்ளுகிறார்கள். வாஸ்தவந்தான், பியூஸ் போகாது, வீடுதான் போகும்! புது வீடுகளில் பியூஸுக்குப் பதிலாக எம்.ஸி.பி. என்னும் தானே விழும் ஸ்விட்சு இருக்கிறது. அது விழுந்துகொண்டேயிருந்தால் அதைவிடப் பெரிய அளவுள்ள ஒன்றை வாங்கி மாட்டுவதும் இதே குற்றந்தான். 2,000 வாட் கீசர் ஒன்று 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கிறது. அதை 6 ஆம்பியர் சாக்கெட்டில் எப்படியாவது செருகிவிடுவது, கட்டை வண்டியில் ரயில் பாரத்தை ஏற்றுவது போலாகும்.

இரண்டாவது காவலன் எர்த் கம்பி. பிளக்கின் மூன்று முளைகளில் ஒன்று மட்டும் தடித்தும் நீண்டும் இருப்பதை நேயர்கள் கவனித்திருப்பார்கள். அழகுக்காக அப்படிச் செய்யவில்லை. செருகும்போது அது முதலில் தொட வேண்டும். பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும் என்பதற்காகவே அந்த நீளம். யந்திரத்தின் உள்ளே கம்பியின் உறை தேய்ந்து, மின்சாரம் வெளித் தகட்டுக்கு வந்துவிட்டால், எர்த் கம்பி அதைப் பூமிக்குள் கொண்டு போய்விடுகிறது. அந்த வேகத்தில் பியூஸும் உருகிவிடுகிறது. எர்த் கம்பி இல்லாவிட்டால், தகட்டைத் தொடுகிறவரின் உடம்பே பூமிக்குப் பாதையாகிறது. இரண்டு துவாரச் சாக்கெட்டில் நுழைய வேண்டுமென்று மூன்றாவது முளையை வெட்டி எறிகிறவர்கள், எதை வெட்டுகிறார்கள் என்று யோசித்துப் பார்க்கட்டும். தோட்டத்தில் எர்த் குழி இருந்தால் கோடைக்காலத்தில் அதற்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள். காய்ந்த மண் மின்சாரத்தைச் சரியாக வாங்கிக்கொள்ளாது.

இந்த இருவர் மட்டும் போதுமா என்றால், போதாது. மனித உடம்பைக் கொல்வதற்கு அதிக மின்சாரம் வேண்டியதில்லை. 50 மில்லி ஆம்பியர் மார்பின் வழியாகச் சென்றால் இருதயத்தின் துடிப்பு நிலைகுலைந்து போகலாம். 5 ஆம்பியர் பியூஸோ 5,000 மில்லி ஆம்பியர் வரையில் அசையாது! ஆகையால் பியூஸ் காப்பது கம்பியை; மனிதனை அல்ல. மனிதனைக் காக்க ஏற்பட்டவன் மூன்றாவது காவலன். ஆர்.ஸி.ஸி.பி. என்று அவனுக்குப் பெயர். போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அவன் சதா கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறான். வீடுகளுக்கு ஏற்றது 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளது. அவ்வளவு மின்சாரம் வழி தவறினாலும் கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். இதில் 'டி' என்று குறித்த ஒரு பொத்தான் உண்டு. மாதம் ஒரு முறை அதை அழுத்திப் பாருங்கள். ஸ்விட்சு உடனே விழுந்தால் காவலன் விழித்திருக்கிறான். விழாவிட்டால் தூங்குகிறான் என்று அர்த்தம்.

ஆனால் தெருக் கம்பத்திலிருந்து மீட்டருக்கு வரும் கம்பிக்கு இந்த மூவரின் காவலும் கிடையாது. அந்தக் கம்பியைத் தாங்கும் இரும்புக் குழாயிலேயே துணி உலர்த்தும் இரும்புக் கம்பியைக் கட்டும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்னும் ஒழிந்தபாடில்லை. மழைக்காலத்தில் உறை தேய்ந்த இடத்தில் மின்சாரம் கசிந்து, துணி எடுக்கப் போன பெண்மணி கீழே விழுகிறாள். அவளைத் தூக்கப் போன மகனும் விழுகிறான். இப்படிப்பட்ட செய்திகளை நேயர்கள் பத்திரிகைகளில் படிக்காமல் இருக்க முடியாது. துணி உலர்த்தக் கயிறு போதும்; அதையும் மின்சாரக் கம்பிக்குத் தூரத்தில் கட்டுங்கள். வீட்டுக்குள் யாருக்காவது மின்சாரம் தாக்கினால் முதலில் மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டும். அது கைக்கு எட்டாவிட்டால், உலர்ந்த மரப் பலகையின் மேல் நின்று, உலர்ந்த கழியினால் அவரை விலக்க வேண்டும். பாசத்தினால் உடனே தொட்டுவிடுவது மற்றோர் உயிரையும் பலி கொடுப்பதாகும்.

மின்சாரத்துக்கு இத்தனை காவலர் என்றால், எரிவாயுவுக்கு முதற் காவல் ஒரு துர்நாற்றம். அந்த நாற்றம் வாயுவுக்கு இயற்கையில் உள்ளதல்ல. மெர்காப்டன் என்னும் பொருளை வேண்டுமென்றே அதில் கலக்கிறார்கள்.

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் நியூ லண்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள பள்ளிக்கூடத்தில், செலவைக் குறைப்பதற்காக, அருகிலிருந்த எண்ணெய் வயலின் குழாயிலிருந்து இயற்கை வாயுவை எடுத்து உபயோகித்து வந்தார்கள். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது கசிந்து கட்டிடத்தின் அடியில் நிறைந்திருந்தது ஒருவருக்கும் தெரியவில்லை. 1937-ம் வருஷம் மார்ச்சு 18-ந் தேதி மாலை, தொழில் வகுப்பு ஆசிரியர் ஒருவர் மரத்தைத் தேய்க்கும் மின்சார யந்திரத்தின் ஸ்விட்சைப் போட்டார். அதில் எழுந்த பொறியினால் பள்ளிக்கூடமே வெடித்துச் சிதறியது. ஏறக்குறைய 300 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். வாயுவில் நாற்றம் கலக்க வேண்டுமென்று டெக்ஸாஸில் அதன் பிறகே சட்டம் வந்தது. நமது சமையலறையில் நாம் மூக்கைச் சுளிக்கும் அந்த நாற்றத்தின் பின்னால் இந்தச் சரித்திரம் இருக்கிறது.

நம் வீடுகளுக்கு வரும் சிலிண்டரில் 14.2 கிலோ வாயு இருக்கிறது. அது காற்றைவிடக் கனமானது. ஆகவே மேலே போகாமல் தரையில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பற்றும். நாற்றம் வந்தால் ஸ்விட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி உண்டு. எரியும் விளக்கு எரியட்டும். ஓடும் மின்விசிறி ஓடட்டும். ரெகுலேட்டரை மூடுங்கள், கதவுகளையும் ஜன்னல்களையும் திறந்து விடுங்கள், எல்லோரும் வெளியே வந்த பிறகு 1906 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். கசிவைத் தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பவர்களும் உண்டு! சோப்புத் தண்ணீரைத் தடவினால் போதும். கசியும் இடத்தில் குமிழி எழும்.

சிலிண்டரையும் அடுப்பையும் இணைக்கும் ரப்பர்க் குழாய்க்கு ஆயுள் ஐந்து வருஷம். தேதி அதன் மேலேயே அச்சிட்டிருக்கிறது. சிலிண்டரின் கழுத்தருகே ஓர் எழுத்தும் வருஷமும் எழுதியிருக்கும். ஏ என்றால் மார்ச்சு, பி என்றால் ஜூன், சி என்றால் செப்டம்பர், டி என்றால் டிசம்பர். அந்த மாதத்துக்குள் சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டுமென்பது பொருள். கெடு கடந்த சிலிண்டரை வாங்க மறுப்பது நமது உரிமை.

சுயராஜ்யம் வந்துவிட்டதால் சர்க்கார் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்மவர்களுக்கு ஒரு நம்பிக்கை. சர்க்கார் தர முத்திரை போடலாம், சட்டம் இயற்றலாம். சட்டம் வாசற்படி வரையில் வரும்; அடுப்பங்கரைக்குள் வந்து பியூஸ் கம்பியின் தடிப்பைப் பார்க்காது. அதை நாம்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்காவிட்டால் அதன் பலனை முதலில் அநுபவிப்பவர் யார்? ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்பவர்; அதாவது வீட்டுப் பெண்களும், கூலிக்கு வரும் ஏழைகளுமே. அவர்கள் "கடிக்கிறது" என்று சொன்னால் அன்றைக்கே காது கொடுத்துக் கேட்பது, மேலே சொன்ன எல்லாக் காவலையும்விடச் சிறந்த காவல்.

நமது வீட்டில் இப்போது பச்சைக் கம்பி போட்டாகிவிட்டது. கிரைண்டர் கடிப்பதில்லை. ஆயினும் அந்த அம்மாள் இன்னமும் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் அதைத் தொடுகிறார். கிரைண்டரிடம் அவருக்கு நம்பிக்கை வரச் சில நாள் ஆகலாம். நம்மிடம் வர இன்னும் சில நாள் ஆகும்.