மஞ்சள் டப்பாவைத் திறக்கும் முன்…

நண்பர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் எங்கள் தெருப் பையன் ஒருவன் அட்டைப்பெட்டியோடு வாசலில் வந்து நின்றான். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன், இப்போது கல்லூரியில் இருக்கிறான். பெட்டிக்குள் ஒரு வெள்ளை முட்டைக்கோழி. நாமக்கல் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முட்டையிட்டு ஓய்ந்த கோழிகளைக் கூண்டு கூண்டாக வண்டியில் ஏற்றி அனுப்புவார்கள். அப்படி ஒரு வண்டியிலிருந்து விழுந்ததை நாய் கவ்வியிருக்கிறது. இவன் ஓடிப்போய் மீட்டிருக்கிறான்.

நல்ல மனசு. ஆனால் அது நடந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அந்த மூன்று நாளும் ஆளுக்கொரு வைத்தியம். பாட்டி மஞ்சள் தூளை நல்லெண்ணெயில் குழைத்து அப்பச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் காப்பித்தூள் வைக்கச் சொன்னார். இன்னொருவர் தன் வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்தார். "கழுவுனியா?" என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

இறகை விலக்கிப் பார்த்தேன். முதுகில் மஞ்சள் ஓடு மாதிரி காய்ந்திருந்தது. நாற்றம். ஓரத்தை நனைத்து மெதுவாக எடுத்தால், அடியில் புழு நெளிகிறது.

"மஞ்சள் கிருமிநாசினின்னு நீங்கதானே டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க?" என்றான்.

எனக்குப் பேச்சு வரவில்லை. ஆமாம், சொல்லிக் கொடுத்தேன். வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். புண்ணை முதலில் கழுவ வேண்டும் என்று எழுதிப் போட்டேனா? நினைவில்லை. என் பங்கும் இதில் உண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

உடனே சிலர் கிளம்பி வருவீர்கள். "மஞ்சளுக்கு அமெரிக்காவிலேயே காப்புரிமை வாங்கினார்களே, நம் முன்னோர் முட்டாள்களா?" வாங்கியது உண்மை. 1995-ல் கொடுத்தார்கள். நமது சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்து வழக்காடியது, 1997-ல் ரத்து செய்தார்கள். எதற்காக? இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல, இந்தியாவில் முன்பே தெரிந்தது என்பதற்காக. கழுவாத புண்ணில் மஞ்சளை அப்பினால் போதும் என்று அங்கே யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை.

நாயின் பல் போடும் ஓட்டை வெளியே சின்னதாகத் தெரியும், உள்ளே ஆழமாகப் போகும். எச்சில், மண், இறகுத்துணுக்கு எல்லாம் உள்ளே. அதன் மேல் தூளைக் குழைத்துப் பூசுவது, குப்பையைக் கூட்டாமல் மேலே பாய் விரிப்பது போலத்தான். எண்ணெய் இன்னொரு தொல்லை. இறகில் ஊறினால் அது ஒட்டிக்கொள்ளும், பறவையால் உடம்புச் சூட்டைக் காக்க முடியாது. நாய் கடித்த மனிதனுக்கே முதல் வைத்தியம் 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுவதுதான், பிறகுதான் ஊசி. கோழிக்கு மட்டும் ஏன் இந்தக் குறுக்கு வழி?

அந்தப் பாதி மாத்திரைக்கு வருகிறேன். பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-ல் நோபல் உரையிலேயே எச்சரித்தார்: குறைந்த அளவில் கொடுத்தால் கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிவிடும் என்று. கோலிஸ்டின் என்ற மருந்து, வேறெதுவும் வேலை செய்யாத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுப்பது. அதைக் கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2019-ல் மத்திய அரசு கோழி, கால்நடை, மீன் வளர்ப்பில் அதற்குத் தடை போட்டது. பண்ணைக்காரரைத் திட்டும் நாம், வீட்டில் பாதி மாத்திரையை உடைத்துப் போடலாமா?

என்ன செய்ய வேண்டும்? எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கையுறை போடுங்கள், இல்லாவிட்டால் முன்னும் பின்னும் சோப்பில் கை கழுவுங்கள். கோழியைத் துண்டில் சுற்றிப் பிடியுங்கள், நெஞ்சை இறுக்காதீர்கள். அதற்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் ஐந்து பத்து நிமிடம் அழுத்துங்கள். புண்ணைச் சுற்றிய இறகைப் பிடுங்காமல் கத்தரியுங்கள். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு, அதாவது தலைதட்டி ஒன்றரை டீஸ்பூன். ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து அழுக்குப் போகும்வரை பீய்ச்சுங்கள். பிறகு பெட்டாடின் கரைசலை வெளிறிய டீ நிறத்துக்குத் தண்ணீர் விட்டுத் தடவுங்கள். மூச்சு விடும்போது புண்ணில் காற்றுக் குமிழ் வந்தால் எதையும் ஊற்றாதீர்கள். பறவையின் காற்றுப்பை அங்கே இருக்கும். மற்ற கோழிகளோடு விடாதீர்கள், சிவப்பைக் கண்டால் கொத்தும். ஈ மொய்க்காத இடத்தில், வெதுவெதுப்பாக, அரை இருட்டில் வையுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல், சுண்ணாம்பு கூடவே கூடாது.

இதெல்லாம் முதலுதவிதான். நாயோ பூனையோ கடித்திருந்தால், கீறல் சின்னதானாலும் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 1962-க்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கேட்கலாம்.

"ஒரு கோழிக்கா இவ்வளவு? கொழம்பு வெச்சுப்போட்டா வேலை முடிஞ்சுதுங்களே டீச்சர்" என்று என்னிடமே சொன்னார்கள். நான் சைவப் பிரசங்கம் செய்யவில்லை. அறுப்பதானால் அறுங்கள், அது ஒரு நிமிட வேதனை. காப்பாற்றுகிறேன் என்று எடுத்து வந்து மூன்று நாள் புழுவுக்குத் தின்னக் கொடுப்பதைக் கருணை என்று மட்டும் சொல்லாதீர்கள். எடுத்துவிட்டால் அது நம் பொறுப்பு.

அன்று மாலையே மருந்தகத்துக்குக் கொண்டுபோனோம். மருத்துவர் இடுக்கியால் ஒவ்வொரு புழுவாக எடுத்தார், கழுவினார், ஊசி போட்டார். பையன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தான். தினமும் இரண்டு வேளை அவனே கழுவினான். மூன்று வாரத்தில் புண் ஓரத்திலிருந்து மூடிக்கொண்டு வந்தது. நடுவில் ஒருநாள் முட்டைகூட இட்டது. மருந்தின் காலம் முடியும்வரை முட்டையைச் சாப்பிடக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்து சொன்னான்.

பாடத்தை இந்த முறை சரியாகப் படித்திருக்கிறான். நானும்தான்.

உங்கள் குழுவில் யாராவது "காயத்துக்கு மஞ்சள் போதும்" என்று வீடியோ போட்டால், சண்டை வேண்டாம். "முதலில் கழுவினீர்களா?" என்று மட்டும் கேளுங்கள்.