மீதமிருக்கும் கவனம்

2025 மார்ச் 16. மெல்போர்னில் மழை. ஃபார்முலா 1 சீசனின் முதல் பந்தயம். கார்கள் கிரிட்டுக்கு வந்து சேரும் ஃபார்மேஷன் லேப்பிலேயே இருபது வயது ஐசக் ஹஜார் பிடி நழுவித் தடுப்பில் மோதினார். பந்தயம் தொடங்கும் முன்பே அவருடைய அறிமுகம் முடிந்துவிட்டது. ஜாக் டூஹன் முதல் சுற்றிலேயே வெளியேறினார். பிற்பகுதியில் மீண்டும் மழை வலுத்தபோது போர்டொலெட்டோவும் லாசனும் போனார்கள். அதே பந்தயத்தில் பதினெட்டு வயது கிமி அன்டோனெல்லி, 16-ஆம் இடத்தில் தொடங்கி 4-ஆம் இடத்தில் முடித்தார். அன்று மாலைக்குள் தீர்ப்புகள் எழுதப்பட்டுவிட்டன: ஒருவர் அடுத்த சாம்பியன், மற்றவர்கள் இன்னும் பழுக்காதவர்கள்.

அதே ஈரத்தில் சேஃப்டி காருக்குப் பின்னால் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது சுவரில் மோதியவர் பத்தாண்டு அனுபவமுள்ள கார்லோஸ் சைன்ஸ். பின்னர் மோதி வெளியேறியவர் இரண்டு முறை உலக சாம்பியனான, 43 வயது ஃபெர்னாண்டோ அலோன்சோ. அவர்களைப் பழுக்காதவர்கள் என்று யாரும் எழுதவில்லை. ஐந்தரை மாதம் கழித்து ஸாண்ட்வோர்ட்டில் ஹஜார் மூன்றாம் இடம் பிடித்துப் போடியம் ஏறினார். அதே நாளில் அன்டோனெல்லி லெக்லெர்க்கின் காரை இடித்து, தண்டனை வாங்கி, புள்ளியில்லாமல் ஊர் திரும்பினார்.

பயிற்றுநர்களும் ரேஸ் இன்ஜினியர்களும் வாசிக்கும் இந்த இதழில் இதைச் சொல்லக் காரணம் உண்டு. இளம் ஓட்டுநரைச் சாம்பியனோடு ஒப்பிடுவது நம் அன்றாட வேலை. வேகமான ஓட்டுநரின் டெலிமெட்ரி கோட்டைத் திரையில் வைத்து, பையனின் கோட்டை அதன்மேல் போட்டு, பிரேக் எங்கே, திருப்பத்தின் குறைந்தபட்ச வேகம் எவ்வளவு, த்ரோட்டில் எப்போது திறந்தது என்று பார்க்கிறோம். இது பயனுள்ள ஒப்பீடுதான். ஆனால் அந்தக் கோடு கை, கால் செய்ததை மட்டும் காட்டும். அந்த வேகத்தில் போகும்போது ஓட்டுநரிடம் எவ்வளவு கவனம் மீதமிருந்தது என்பது அதில் பதிவாகாது. முதிர்ச்சி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அந்த மீதிதான் என்பது என் கருத்து. கல்யாண வீட்டில் தலைமைச் சமையற்காரரின் கை கரண்டியால் கிளறிக்கொண்டிருக்கும்போதே கண் பந்தியில் இலைகளை எண்ணிக்கொண்டிருக்குமே, அதுபோன்ற மீதி.

பழைய கதைதான் என்றாலும் 1984-ஐ மறுபடி பார்க்க வேண்டும். மெக்லாரன் அணியில் இருவர்: 35 வயது நிக்கி லவுடா, 29 வயது அலென் ப்ரோஸ்ட். ஒரே கார், ஒரே டிஏஜி-போர்ஷே டர்போ இன்ஜின். அந்த ஆண்டின் 16 பந்தயங்களில் 15-ல் ப்ரோஸ்ட் லவுடாவைவிட முன்னால் கிரிட்டில் நின்றார். ஏழு பந்தயங்களை வென்றார். லவுடா வென்றது ஐந்து. ஆனால் பட்டம் லவுடாவுக்கு, 72-க்கு 71.5 என்று அரைப் புள்ளி வித்தியாசத்தில். ஒற்றைச் சுற்று வேகத்தில் ப்ரோஸ்டை இனி எட்ட முடியாது என்று லவுடா சீக்கிரமே ஒப்புக்கொண்டார். பயிற்சி நேரத்தைத் தகுதிச் சுற்றுக்குச் செலவிடாமல், ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்குக் காரைத் தயார்செய்வதில் செலவிட்டார். கடைசிப் பந்தயமான எஸ்டோரிலில் 11-ஆம் இடத்தில் தொடங்கி, தனக்குத் தேவையான இரண்டாம் இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

அந்த அரைப் புள்ளி எங்கிருந்து வந்தது என்பதும் நினைவிருக்கட்டும். மொனாக்கோவில் மழையால் பந்தயம் பாதித் தூரத்தை எட்டும் முன்பே நிறுத்தப்பட்டு, பாதிப் புள்ளிதான் கொடுத்தார்கள். வென்ற ப்ரோஸ்டுக்கு 4.5. முழுப் பந்தயம் நடந்து அவர் இரண்டாவதாக வந்திருந்தாலும் 6 கிடைத்திருக்கும், பட்டமும் கிடைத்திருக்கும். அவரை அன்று விரட்டி வந்தவர் டோல்மன் காரில் 13-ஆம் இடத்தில் தொடங்கிய புதுமுகம், 24 வயது அயர்டன் சென்னா.

நான்கு ஆண்டுகள் கழித்து அதே மொனாக்கோவில் ப்ரோஸ்ட் இருந்தது லவுடாவின் இடத்தில். 1988 தகுதிச் சுற்றில் அணித்தோழர் சென்னா அவரைவிட 1.4 வினாடி வேகம். பந்தயத்திலும் சென்னா ஐம்பது வினாடிக்கு மேல் முன்னிலை. வேகத்தைக் குறைக்கச் சொல்லி அணியிடமிருந்து செய்தி வந்தது, குறைத்தார், கொஞ்ச நேரத்தில் போர்ட்டியே திருப்பத்தில் தடுப்பில் மோதினார். வென்றவர் ப்ரோஸ்ட். எல்லையில் ஓட்டும்போது தவறாதவர், எல்லைக்குக் கீழே வந்ததும் தவறினார். சென்னாவின் திறமையை யாரும் சந்தேகிக்க முடியாது. மெதுவாக ஓட்டுவதும் தனியாகப் பழக வேண்டிய ஒரு திறன் என்பதை அந்தத் திருப்பம் காட்டியது. நம் பயிற்சித் திட்டங்களில் அதற்கு நேரம் ஒதுக்குகிறோமா? டயரைக் காக்கும் ஓட்டம், எரிபொருள் சேமிக்கும் ஓட்டம், முன்னிலையைக் காக்கும் ஓட்டம் எல்லாவற்றையும் ‘மெதுவாப் போ’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம்.

ஒப்பீட்டுக்கு மிகவும் நேர்மையான களம் ஒரே ஓட்டுநரின் இரு வயதுகள். லூயிஸ் ஹாமில்டனின் 2007 அறிமுக சீசன்போல் இன்னொன்று அமைவது அரிது. நடப்பு சாம்பியன் அலோன்சோவுக்குப் பக்கத்தில் 22 வயதில் உட்கார்ந்து, முதல் ஒன்பது பந்தயங்களிலும் போடியம் ஏறினார். முடிவில் இருவருக்கும் 109 புள்ளிகள், நான்கு நான்கு வெற்றிகள். அந்த சீசனை வைத்துத் திறமையில் யார் மேல் என்று வாதிடுவதில் பொருளில்லை. பேச வேண்டியது ஷாங்காய். இரண்டு பந்தயங்கள் மீதமிருக்க, அலோன்சோவைவிட 12 புள்ளியும் ரைக்கோனனைவிட 17 புள்ளியும் முன்னால் இருந்தார். ஈரத்தில் போட்ட இன்டர்மீடியட் டயர், டிராக் காயக் காயத் தேய்ந்து, பின்பக்கம் உள்ளிழை தெரியும் அளவுக்கு வந்துவிட்டது. அணி அவரை உள்ளே கூப்பிடத் தாமதித்தது. கூப்பிட்டபோது பிட் நுழைவு வளைவில் கார் திரும்பாமல் நேராகச் சரளைக்குள் போய் நின்றது. அடுத்து பிரேசிலில் கியர்பாக்ஸ் கோளாறும் சேர்ந்து ஏழாம் இடம். ரைக்கோனன் 110 புள்ளிகளுடன் சாம்பியன்.

தவறு யாருடையது? முதல் பொறுப்பு அணியுடையது என்றே நினைக்கிறேன். டயர் நிலையைத் திரையிலும் கண்ணாலும் பார்க்கக்கூடியவர்கள் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தார்கள். ஆனால் காரின் பின்பகுதி வழுக்குவதை முதலில் உணர்ந்தவர் உள்ளே இருந்தவர். ‘நான் வருகிறேன், டயரைத் தயாராக வையுங்கள்’ என்று அணியை மீறிச் சொல்லும் உரிமை தனக்கு உண்டு என்று முதல் ஆண்டு ஓட்டுநர் நினைப்பதில்லை.

2020 நவம்பர், இஸ்தான்புல். மறுபடி ஈரம், மறுபடி இன்டர்மீடியட் டயர். ஆறாம் இடத்தில் தொடங்கிய ஹாமில்டன் எட்டாம் சுற்றில் மாட்டிய டயரிலேயே மீதமிருந்த ஐம்பது சுற்றுகளையும் ஓட்டினார். அது தேய்ந்து வழவழவென்று ஸ்லிக் போலாகிவிட்டது. கடைசியில் மழை வரலாம் என்று அணி உள்ளே கூப்பிட நினைத்தபோது அவர் மறுத்தார். ஈரமான பிட் நுழைவும், 2007-இல் அதுபோன்ற நுழைவில் இழந்த பட்டமும் மனதில் இருந்ததாகப் பின்னர் சொன்னார். முப்பது வினாடிக்கு மேல் முன்னிலையில் வென்று ஏழாம் பட்டத்தை எடுத்தார். ஷாங்காயில் ஓட்டியவரைவிட இஸ்தான்புல்லில் ஓட்டியவரின் கை வேகமானது என்று சொல்ல முடியாது. ஆனால் டயர், வானம், பிட் நுழைவு, புள்ளிப் பட்டியல் என நான்கையும் சேர்த்து எண்ண அவரிடம் இடம் இருந்தது. எண்ணியதை அணியிடம் சொல்லும் அதிகாரமும் இருந்தது.

இந்தக் கதையை இத்தோடு நிறுத்தினால் அனுபவத்தைத் தெய்வமாக்கிவிடுவோம். மறு ஆண்டு அதே இஸ்தான்புல்லில், அதே போன்ற ஈரத்தில், அதே நம்பிக்கையோடு பழைய டயரில் ஓடினார். முதல் அழைப்பை ஏற்கவில்லை. பிறகு வேகம் விழ, ஐம்பதாம் சுற்றில் உள்ளே வந்து ஐந்தாம் இடத்தில் முடித்தார். முந்தைய ஆண்டின் சரியான விடை இந்த ஆண்டின் கேள்விக்குப் பொருந்தவில்லை. சாம்பியனின் முடிவுகளைப் பையன்களுக்கு மனப்பாடம் செய்யக் கொடுக்கும் பயிற்றுநர்கள் இந்த இரண்டு பந்தயங்களையும் சேர்த்தே காட்ட வேண்டும்.

இளம் ஓட்டுநரின் தவறை எப்படிப் படிப்பது என்பதற்கு மாக்ஸ் வெர்ஸ்டாப்பனின் 2018 நல்ல பாடம். 17 வயதில் ஃபார்முலா 1-க்குள் வந்தவர், 18 வயதில் ஸ்பெயினில் வென்றவர், நான்காம் சீசனின் முதல் ஆறு பந்தயங்களிலும் ஏதாவது ஒன்றில் சிக்கினார். பஹ்ரைனில் ஹாமில்டனோடு உரசல், சீனாவில் வெட்டலை இடித்தார், பாகுவில் அணித்தோழர் ரிக்கியார்டோவோடு மோதல். மொனாக்கோவில் நீச்சல்குளத்துத் திருப்பத்தில் உள்தடுப்பைத் தொட்டுக் கார் நொறுங்க, தகுதிச் சுற்றையே தவறவிட்டார். 2016-லும் அதே பகுதியில் அதேபோல் உள்தடுப்பைத் தொட்டிருந்தார். அந்த மறுநிகழ்வுதான் கவலைக்குரிய அடையாளம். புதிய தவறு செய்பவர் எல்லையைத் தேடிக்கொண்டிருக்கிறார். பழைய தவறையே செய்பவர் எதையும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. அடுத்து கனடாவில் மூன்றாம் இடம், பிரான்சில் இரண்டாம் இடம், ஆஸ்திரியாவில் வெற்றி. சீசன் முடிவில் 249 புள்ளி, அணித்தோழருக்கு 170. அன்று அவரை அன்றைய ஹாமில்டனோடு ஒப்பிட்டு ‘வேகம் உண்டு, தலை இல்லை’ என்று முடித்தவர்கள், 2021 முதல் 2024 வரை நான்கு பட்டங்களை எடுத்துக்கொண்டவரைப் பார்க்கத் தவறிவிட்டார்கள்.

வெர்ஸ்டாப்பனுக்குப் பொறுமை காட்டிய அதே அணி 2016-இல் டானில் குவியாட்டை நான்கு பந்தயங்களுக்குப் பின் இறக்கியது. 2019-இல் பியர் காஸ்லியைப் பாதி சீசனில் இறக்கியது. 2025-இல் லாசனை இரண்டே பந்தயங்களில் இறக்கியது. காஸ்லி மறு ஆண்டே சிறிய அணியின் காரில் மோன்ஸாவை வென்றார். எனவே ஓட்டுநருக்கு முதிர்ச்சியில்லை என்று எழுதும் முன், அவரைச் சுற்றியிருந்தவர்கள் அது வளர நேரம் கொடுத்தார்களா என்பதையும் எழுத வேண்டும். 1973-இல் சில்வர்ஸ்டோனில் முதல் சுற்றிலேயே பெரும் மோதலுக்குக் காரணமான ஜோடி ஷெக்டரைச் சக ஓட்டுநர்கள் தடைசெய்யச் சொன்னார்கள். அணி அவரைச் சில பந்தயங்கள் உட்கார வைத்தது, கைவிடவில்லை. 1979-இல் ஷில் வில்நவ் என்ற மாபெரும் வேகக்காரரை அணித்தோழராக வைத்துக்கொண்டே அவர் ஃபெராரிக்குப் பட்டம் வென்று கொடுத்தார்.

2025-இன் இறுதியில் நடந்ததையும் அவசரமாகப் படித்துவிட்டோம். ஸாண்ட்வோர்ட் முடிந்தபோது 24 வயது ஆஸ்கர் பியாஸ்ட்ரி, அணித்தோழர் நாரிஸைவிட 34 புள்ளியும் வெர்ஸ்டாப்பனைவிட 104 புள்ளியும் முன்னால் இருந்தார். முடிவில் நாரிஸ் 423, வெர்ஸ்டாப்பன் 421, பியாஸ்ட்ரி 410. பாகுவில் தகுதிச் சுற்றிலும் பந்தயத்தின் முதல் சுற்றிலும் மோதியதைப் பதற்றம் என்று சொல்லலாம். ஆனால் அதற்குப் பின் ஆஸ்டினிலும் மெக்ஸிகோவிலும் அவர் பின்தங்கியதற்கு வேறு காரணம் உண்டு. டயர் பிடிக்காத, வழுக்கும் தரையில் காரை ஓட்டும் முறை அவரிடம் இன்னும் முழுதாக இல்லை. அது மனத்தின் குறை அல்ல, கருவிப்பெட்டியின் குறை. பதினோராவது சீசனில் இருந்த வெர்ஸ்டாப்பனிடம் அந்தக் கருவி இருந்தது. ‘மனஉறுதி போதவில்லை’ என்று எழுதிவிட்டால் இன்ஜினியருக்கு வேலை முடிந்துவிடும். ‘பின்சக்கரம் வழுக்கும்போது திருத்துவது எப்படி’ என்று எழுதினால் வேலை தொடங்கும்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 1992-இல் பிரான்சின் வின்ஃபீல்ட் பள்ளியில் பயின்றார், 1996-இல் ஃபார்முலா ஆசியா பட்டம் வென்றார், ஃபார்முலா 1 கிரிட்டில் நின்றபோது 28 வயது. வெர்ஸ்டாப்பன் அங்கே நின்றது 17-இல். ஆனால் அவர் நான்கைந்து வயதிலிருந்தே கார்ட்டில் உட்கார்ந்தவர். பிறந்த தேதியை வைத்து ஒப்பிடாமல் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்த மணி நேரத்தை வைத்து ஒப்பிட்டால், வியப்பின் பெரும்பகுதி கரைந்துவிடும். நம் பிள்ளைகள் பலருக்குக் கிடைக்காதது அந்த மணி நேரம்தான். டயருக்கும் எரிபொருளுக்கும் டிராக் வாடகைக்கும் ஆகும் செலவு அதைச் சுருக்குகிறது.

இருங்காட்டுக்கோட்டை, கரி டிராக்குகளில் நமக்கு ஒரு வசதி உண்டு. ஒரே வகைக் கார், ஒரே வகை டயர் என்று நடக்கும் பந்தயங்களில் ஓட்டுநரை ஓட்டுநரோடு நேராக ஒப்பிடலாம். பெரிய அணிகளுக்குக்கூட ஒரே ஒரு அணித்தோழரோடுதான் இது வாய்க்கிறது. அந்த வசதியை நாம் வேகமான சுற்றை மட்டும் குறித்துக்கொண்டு வீணாக்குகிறோம்.

வரும் சீசனில் உங்கள் குறிப்பேட்டில் வேறு சிலவற்றையும் எழுதுங்கள். தவறு செய்த சுற்றுக்கு அடுத்த சுற்று எவ்வளவு நேரம் எடுத்தது? பிட்டுக்கு வந்ததும், திரையைப் பார்ப்பதற்கு முன்பு, கார் என்ன செய்தது என்று பையன் வாயால் சொன்னது டேட்டாவோடு எவ்வளவு ஒத்துப்போனது? முன்னால் போகும் கார் எந்தத் திருப்பத்தில் தடுமாறியது என்று கேட்டால் சொல்லத் தெரிகிறதா? அதே இடத்தில் அதே தவறு எத்தனை முறை? இவற்றை இரண்டு முழு சீசன்களுக்கு எழுதாமல் எந்தப் பையனையும், எந்தப் பெண்ணையும், சாம்பியன் என்றோ தேறாதவர் என்றோ பெற்றோரிடமும் ஸ்பான்சரிடமும் சொல்லாதீர்கள். எழுதிய குறிப்புகளை, ஓட்டுநரின் பெயரை மறைத்து, இந்த இதழுக்கு அனுப்புங்கள். வெளியிடக் காத்திருக்கிறோம்.