தோலில் ஒட்டும் உணரிகளை எவ்வளவு நம்பலாம்?

பிளாஸ்திரி போலத் தோலில் ஒட்டிக்கொண்டு உடலின் நுண்ணசைவுகளை அளக்கும் சென்சார்கள், அதாவது உணரிகள், குறித்து இப்போது பலர் எங்களிடம் கேட்கின்றனர். பக்கவாத நோயாளியை வீட்டில் பராமரிப்போரின் கேள்வி ஒன்றே: "இதை ஒட்டிவிட்டால் நாங்கள் அருகிலேயே இருக்க வேண்டியதில்லையா?" இருக்கத்தான் வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

இவ்வுணரி இயங்கும் விதம் எளியது. ரப்பர் போன்ற மெல்லிய தாளில் மின்சாரத்தைக் கடத்தும் படலம் பதிந்திருக்கும். தோல் விரியும்போது படலமும் விரிந்து, அதன் மின்தடை மாறும். அம்மாற்றத்தைக் கொண்டே அசைவு கணிக்கப்படுகிறது. 2011-ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் கார்பன் நுண்குழாய்களால் செய்த உணரி 280 சதவீதம் வரையிலான நீட்சியை அளந்தது. கையுறையிலும் கட்டுத்துணியிலும் அதனைப் பொருத்தி, உடலசைவு, மூச்சு, பேச்சு ஆகியவற்றை அவர்கள் பதிவுசெய்தனர்.

இம்முன்னேற்றத்தை நாங்கள் வரவேற்கிறோம். ஆயினும் அதன் எல்லையை அறிந்துகொள்ள வேண்டும். தொண்டையில் ஒட்டிய உணரி, நோயாளி விழுங்கும்போது தோல் அசைவதைக் காட்டும். உணவு இரைப்பைக்குச் சென்றதா, மூச்சுக்குழலுக்குள் புகுந்ததா என்பதை அவ்வசைவு மட்டும் சொல்லிவிடாது. பக்கவாதத்திற்குப் பின் சிலருக்கு உணவு மூச்சுக்குழலில் புகுந்தாலும் இருமல் வருவதில்லை. அதனால் நிமோனியா ஏற்படலாம். ஐயம் இருப்பின் எக்ஸ்ரே காணொளியோ உள்நோக்கிப் பரிசோதனையோ தேவைப்படும். மேலும், வியர்வையில் ஒட்டு தளர்ந்தாலோ இடம் விலகினாலோ அளவு பிழைபடும்.

எனவே உணரி பராமரிப்பவருக்குத் துணையாகலாம், அவருக்கு மாற்றாகாது. விழுங்கும் திறனைச் சோதித்து மருத்துவர் அனுமதித்த பிறகே வாய்வழி உணவு கொடுங்கள். நோயாளியை நிமிர்ந்து உட்காரவைத்து, சிறு சிறு அளவாக ஊட்டுங்கள். உண்டபின் அரைமணி நேரமாவது படுக்கவிடாதீர்கள். இருமலோ, குரலில் நீர் தேங்கியது போன்ற கரகரப்போ, மூச்சுத்திணறலோ தோன்றினால், கருவி எதைக் காட்டினாலும் ஊட்டுவதை நிறுத்தி எங்களுக்குத் தெரிவியுங்கள். மூச்சுத்திணறல் கடுமையாயின் உடனே 108-ஐ அழையுங்கள். அடுத்து வரும் நாள்களில் காய்ச்சல் கண்டாலும் காலந்தாழ்த்தாதீர்கள்.

பராமரிப்போரின் களைப்பை நாங்கள் அறிவோம். வீட்டிலுள்ளோர் முறைவைத்து அப்பொறுப்பைப் பகிர்ந்துகொள்வதே அதற்கு வழி. ஒருவரே சுமக்கும் பணியைக் கருவியிடம் ஒப்படைத்துவிடுவது அன்று. உணரியை ஒட்டுமுன் நோயாளியிடம் அதன் பயனை விளக்கி, அவர் இசைவைப் பெறுங்கள். அளக்கப்படுவது அவருடைய உடல்.