சண்டே சைட் விசிட்டுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி

ப்ளேஸ்மென்ட் சீசன் வந்தா நம்ம கேம்பஸ்ல ஆஃபர் லெட்டரோட சேர்ந்து இன்னொண்ணும் வருது. "சிப்காட்டுக்கு 10 நிமிஷம், அட்வான்ஸ் கட்டுங்க, மீதி தவணை"ன்னு வாட்ஸ்அப்ல மனை விளம்பரம். போன வருஷம் முடிச்ச ரெண்டு சீனியர்ஸ் முதல் சம்பளம் வாங்கின கையோட கும்மிடிப்பூண்டி பக்கம் அட்வான்ஸ் போட்டுட்டாங்க. கேட்டா, "நிலம் எங்கடா ஓடிப்போகப் போகுது?"ங்கறாங்க.

இதே வார்த்தையை எங்க வீட்லயும் கேட்டிருக்கேன். 2011-ல அப்பா கவரைப்பேட்டை தாண்டி ஒரு கிரவுண்டு வாங்கினார். "பஞ்சாயத்து அப்ரூவல்"னு சொல்லி வித்தாங்க. பத்திரமும் பதிவாச்சு. லேஅவுட்டுக்கு ஒப்புதல் தரவேண்டியது டி.டி.சி.பி. இல்லன்னா சி.எம்.டி.ஏ., பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து மட்டும் போதாதுன்னு அப்போ அவருக்குத் தெரியாது. 2016 செப்டம்பர்ல அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு பண்ணக் கூடாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டுச்சு. 2017-ல வரன்முறைத் திட்டம் வந்தது. பழைய மனையை மறுபடி விற்கப் பதிவுக்கு வழி கிடைச்சது. ஆனா வரன்முறை ஆகாத மனையில வீடு கட்ட அனுமதி கிடையாது, பேங்க்கும் லோன் தராது. 2022-ல என் காலேஜ் ஃபீஸுக்காக அதை விற்கப் பார்த்தோம். வந்தவங்க எல்லாரும் முதல்ல கேட்டது "லோன் கிடைக்குமா?"ன்னுதான். நான் இப்போ எஜுகேஷன் லோன்ல படிக்கிறேன். நிலம் எங்கயும் ஓடல. சீமைக் கருவேலம் மண்டி அங்கேயேதான் கிடக்கு.

நிலமே வாங்காதீங்கன்னு நான் சொல்லல. "விலை ஏறும்"ங்கிற ஒரே நம்பிக்கையில முதல் சம்பளத்தை அதுல பூட்டாதீங்கன்னுதான் சொல்றேன். கும்மிடிப்பூண்டியில மாசாமாசம் காசு பார்க்கிறவங்க யாருன்னு பாருங்க. தொழிற்பேட்டையை ஒட்டி லைன் வீடு கட்டி, வெளிமாநிலத் தொழிலாளிகளுக்கு வாடகைக்கு விட்டவங்க. ஷிஃப்ட் முடிஞ்சு நடந்து வர்ற தூரத்துக்குத்தான் வாடகை. பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கிற காலி மனைக்கு யாரும் பத்து பைசா தரமாட்டாங்க. அதுக்குள்ள உங்க தவணை மட்டும் போய்க்கிட்டே இருக்கும்.

ரோடு கதையும் அப்படித்தான். எண்ணூர்ல இருந்து மாமல்லபுரம் வரைக்கும் சுமார் 133 கிலோமீட்டருக்குச் சென்னை எல்லைச் சாலை போடுறாங்க, நம்ம மாவட்டம் வழியாத்தான் வருது. அந்தப் பேரைச் சொல்லாத மனை விளம்பரம் இந்தப் பக்கம் உண்டா? வரப்போற ரோட்டுக்கான விலையை விக்கிறவர் இன்னைக்கே உங்ககிட்ட வாங்கிடறார். அப்புறம் ஏற என்ன மிச்சம் இருக்கு?

அப்படியும் வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா, அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடியே சர்வே நம்பரை வாங்கிடுங்க. தர மறுத்தா அதோட விட்டுடுங்க. நம்பர் கையில இருந்தா பதிவுத்துறை இணையதளத்துல வில்லங்கத்தை வீட்ல உட்கார்ந்தே பார்க்கலாம். 30 வருஷத்துக்குப் போடுங்க. ஆனா வில்லங்கத்துல பதிவான விஷயம் மட்டும்தான் தெரியும். பதிவாகாத அக்ரிமென்ட், வாரிசுகளுக்குள்ள இருக்கிற தகராறு எல்லாம் அதுல வராது. அதுக்குத் தாய்ப்பத்திரத்துல இருந்து வக்கீலைப் படிக்கச் சொல்லணும். பட்டா யார் பேர்ல இருக்கு, நிலம் புறம்போக்கா, ஏரியான்னு வருவாய்த்துறை இணையதளத்துல பார்க்கணும். 500 சதுர மீட்டருக்கு மேல இருக்கிற லேஅவுட்னா ரெரா பதிவு எண் இருக்கணும். பிரசுரத்துல அச்சடிச்ச எண்ணை நம்பாம, ரெரா தளத்துல நீங்களே தேடிப் பாருங்க. உள்ளே இருக்கிற ரோட்டை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்காங்களான்னும் கேளுங்க. இதை யாரும் கேட்கறதில்ல.

செலவையும் முழுசாப் போடுங்க. முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 10 லட்ச ரூபா மனைன்னா இதுலயே 90,000 போயிடும். பெண் பேர்ல பதிஞ்சா, 10 லட்சம் வரைக்கும் பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் குறையும் (2025 ஏப்ரல்ல இருந்து). அம்மா பேர்ல வாங்கறவங்க அந்தப் பத்தாயிரத்தை விட்டுடாதீங்க.

அப்புறம், மே மாசம் போய் மனை பார்க்காதீங்க. ஆரணி ஆறும் கொசஸ்தலை ஆறும் ஓடுற மாவட்டம் இது, ஏரிக்கும் குறைவில்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில ஒரு தடவை போனா தண்ணி எங்க நிக்குதுன்னு தரையே காட்டிடும்.

நேத்து ஹாஸ்டல்ல ஒரு ஃப்ரெண்ட் கேட்டான்: "சண்டே ஃப்ரீ வேன் விடறாங்களாம், பிரியாணியும் உண்டாம், வர்றியா?" வர்றேன், ஆனா சண்டே வேண்டாம்னேன். செவ்வாய்க்கிழமை ட்ரெய்ன்ல போலாம்னு பேசியிருக்கோம். அன்னைக்குத்தான் சார்பதிவாளர் ஆபீஸும் வி.ஏ.ஓ. ஆபீஸும் திறந்திருக்கும். பிரியாணி என் செலவு.