ராமென் கிண்ணத்துக்கு ஆயிரம் யென்னுக்கு மேலும் தரலாம்

டோக்கியோவின் ரயில் நிலையங்களை ஒட்டிய சந்துகளில் பத்துப் பேர் நெருக்கியடித்து உட்காரும், ராமென் என்ற நூடுல்ஸ் சூப் விற்கும் கடைகள் ஏராளம். வாசலில் இருக்கும் இயந்திரத்தில் காசைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் டிக்கெட் வரும். அதைச் சமையல்காரரிடம் நீட்டிய சில நிமிடங்களில் ஆவி பறக்கும் கிண்ணம் முன்னால் வந்துவிடும். பேச்சு குறைவு, நூடுல்ஸை உறிஞ்சும் சத்தம்தான் அதிகம். சாப்பிட்டு முடித்ததும் எழுந்து அடுத்தவருக்கு இடம்விட வேண்டும்.

இந்தக் கிண்ணத்தின் விலை 1,000 யென்னைத் தாண்டினால் கூட்டம் குறைந்துவிடும் என்று கடைக்காரர்கள் அஞ்சுகிறார்கள். ‘ஆயிரம் யென் சுவர்’ என்றே அதற்குப் பெயர். நம் பணத்தில் சுமார் 600 ரூபாய். அந்தச் சுவர் இடிபட வேண்டும்.

காரணம், கடைகளின் செலவு ஏறிவிட்டது. ஜப்பான் தனக்கு வேண்டிய கோதுமையில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. உக்ரைன் போரால் உலகச் சந்தையில் கோதுமை விலை ஏறியது. 2024 கோடையில் ஒரு டாலருக்கு 160 யென் என்ற அளவுக்கு நாணயம் சரிந்தது. அதே ஆண்டு ஜூலையில் புதிய நோட்டுகள் வந்தபோது, அவற்றை ஏற்காத பழைய டிக்கெட் இயந்திரங்களை மாற்றும் செலவும் சிறு கடைகளின் தலையில் விழுந்தது. தெய்கொக்கு டேட்டாபேங்க் நிறுவனத்தின் கணக்குப்படி, 2023இல் 53 ராமென் கடை நிறுவனங்கள் திவாலாயின, 2024இல் 72.

கிண்ணத்துக்குள் இருக்கும் உழைப்பையும் பார்க்க வேண்டும். ஃபுகுவோகாவின் தொன்கொத்சு ராமெனுக்குப் பன்றி எலும்புகளை மணிக்கணக்கில் தளதளவெனக் கொதிக்கவிடுகிறார்கள். எலும்பு மஜ்ஜையும் கொழுப்பும் கரைந்து சாறு பால்போல் வெளுக்கும்வரை அடுப்பை அணைப்பதில்லை. அடிபிடிக்காமல் கிளறுவது, நுரையை எடுப்பது, பன்றி இறைச்சியைச் சுருட்டிக் கட்டி வேகவைப்பது, முட்டையை மஞ்சள் கரு இளகியிருக்கும் பதத்தில் எடுத்து சோயா சாற்றில் ஊறவைப்பது என்று கடை திறப்பதற்கு முன்பே பல மணி நேர வேலை முடிந்திருக்கும். பல கடைகளில் உரிமையாளரே சமையல்காரர். விலையை ஏற்ற முடியாதபோது அவர் தன் கூலியைத்தான் குறைத்துக்கொள்கிறார்.

ராமென் உழைப்பாளிகளின் உணவு, விலை ஏறினால் அவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வி நியாயமானது. 1910இல் டோக்கியோவின் அசகுசாவில் தொடங்கிய ராய்ராய்கென் கடை சாமானியர்களின் கூட்டத்தால் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பஞ்ச காலத்தில் அமெரிக்கக் கோதுமையைக் கொண்டு தள்ளுவண்டிகள் பலரின் பசியாற்றின. இன்று அந்தப் பொறுப்பைச் சங்கிலிக் கடைகளால் சுமக்க முடியும். ஹிதகயா என்ற சங்கிலி நிறுவனம் 2024 வரை ஒரு கிண்ணத்தை 390 யென்னுக்கு விற்றுவந்தது. மையச் சமையற்கூடமும் மொத்தக் கொள்முதலும் உள்ள நிறுவனத்துக்கு அது கட்டுப்படியாகும். ஒற்றை அடுப்புக் கடையை அந்த அளவுகோலால் அளப்பது அநியாயம்.

டோக்கியோவின் சுதா கடைக்கு 2015இல் மிஷெலின் நட்சத்திரம் கிடைத்தபோது ராமெனும் உயர்ந்த சமையற்கலை என்று உலகம் ஒப்புக்கொண்டது. அந்தக் கலைக்கு உரிய விலையைத் தரத்தான் இன்னும் தயக்கம். 950 யென் 1,050 ஆகும் நாளில் வாடிக்கையாளர்கள் கடையை மாற்றாமல் இருக்க வேண்டும். கடைக்காரர்களும் மாவு, எலும்பு, எரிவாயு ஆகியவற்றின் செலவு எவ்வளவு கூடியது என்பதை டிக்கெட் இயந்திரத்தின் மேலேயே எழுதி ஒட்டட்டும்.